கசப்பின் கடல்வழி

ஐபிஏ விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் மெனு அட்டையின் ஓரத்தில் ஒரு குட்டிக் கதை அச்சாகியிருக்கும். இந்தியாவில் வேலைபார்த்த வெள்ளைக்காரர்கள் பீருக்கு ஏங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பீரெல்லாம் கப்பலிலேயே புளித்துப் பாழானது. ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர் மண்டையை உடைத்துக்கொண்டு, ஹாப்ஸைக் கூட்டி, போதையையும் கூட்டி, கெடாத பீர் ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தியாவுக்காகப் பிறந்ததால் அதற்கு இந்தியா பேல் ஏல் என்று பெயர். சுபம்.

கதை ரொம்பக் கச்சிதம். ஒரு பிரச்சனை, ஒரு மேதை, ஒரு தீர்வு. வரலாறு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். பீர் வரலாற்றை ஆவணங்களோடு எழுதுகிறவர்கள், குறிப்பாக மார்ட்டின் கார்னல், இந்தக் கதையை வரிக்கு வரி பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பிரித்த பிறகு மிஞ்சுவது மெனு அட்டைக் கதையைவிட சுவாரசியமானது. நம் ஊர்ப் பக்கமும் அதில் கொஞ்சம் வருகிறது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். புகையில்லாமல் இதமாக உலர்த்தினால் நிறம் வெளிறியிருக்கும். அதிலிருந்து வருவது பேல் ஏல். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அதைக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். கொதி முடிந்த பிறகோ பீப்பாயில் ஊற்றிய பிறகோ போட்டால் வாசனை இறங்கும். அந்தக் கசப்பு பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றை அண்டவிடாது. ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, பீருக்கு ஹாப்ஸ் அப்படி.

*

1716ல் சுமத்ரா தீவின் பெங்கூலனில் கும்பினிக்கு ஒரு கோட்டை இருந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஒரே ஒரு பொது மேசையில் குடித்துத் தீர்த்ததற்கான கணக்கு இன்றும் இருக்கிறது. டஜன் டஜனாக ஒயின், மதீரா, ஷிராஸ், கள், பட்டாவியா சாராயம் என்று நீளும் பட்டியலுக்கு நடுவே இருபத்து நான்கரை டஜன் 'பர்ட்டன் ஏலும் பேல் பீரும்'. நீங்கள் ஆறு மாதம் உயிரோடு இருப்பதே எங்களுக்கு அதிசயம் என்ற தொனியில் லண்டன் இயக்குநர்கள் கடிதம் எழுதினார்கள்.

இந்த ஒற்றைப் பட்டியலே மெனு அட்டைக் கதைக்குப் போதும். ஹாட்ஜ்சன் தன் ஆலையைத் தொடங்கியது 1752ல். அதற்கு 36 வருடத்துக்கு முன்பே வெளிறிய பீர் பூமத்திய ரேகையைத் தாண்டி வந்து, கெடாமல், குடிக்கப்பட்டிருக்கிறது. கன்னங்கரேலென்ற போர்ட்டர் பீரும் பிற்பாடு ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் வந்து சேர்ந்தது. ஆக, தீர்க்கப்பட வேண்டிய பிரச்சனை என்று ஒன்று பெரிதாக இருக்கவேயில்லை.

1712 முதல் 1716 வரை பெங்கூலனில் நிர்வாகியாக இருந்தவர் ஜோசப் கோலெட். அடுத்து அவர் வந்த இடம் மெட்ராஸ். 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். திருவொற்றியூர்ப் பக்கம் அவர் காலத்தில் நெசவாளர்களுக்கு ஒரு குடியிருப்பு உண்டானது, கோலெட் பேட்டை. சொல்லிச் சொல்லித் தேய்ந்து இன்று காலடிப்பேட்டை. தன்னிடம் வேலைபார்த்த வீரராகவன் பெருமாளைச் சேவிக்க காஞ்சிபுரத்துக்கு அலைவதைப் பார்த்து, இங்கேயே வரதராஜருக்குக் கோயில் எழ அவர் வழிசெய்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வடசென்னைப் பேருந்தில் 'காலடிப்பேட்டை எறங்கு' என்று கண்டக்டர் குரல் கொடுக்கும்போதெல்லாம், பேல் பீர் ஓடிய ஒரு கோட்டையிலிருந்து வந்தவரின் பெயர்தான் காற்றில் போகிறது.

அந்த நெசவாளர்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பீர் இங்கே வந்ததற்கும் அவர்கள் நெய்த துணிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

*

கும்பினிக் கப்பல்கள் இங்கிருந்து போகும்போது துணி, அவுரி, வெடியுப்பு என்று நிறைந்து போயின. அங்கிருந்து வரும்போது அவ்வளவு சரக்கு கிடையாது. இந்தியாவில் இங்கிலாந்துப் பொருளுக்குப் பெரிய கிராக்கி இல்லாத காலம். அதனால் கிழக்கு நோக்கி வரும் கப்பலில் இடம் மலிவு. கப்டன்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொந்த வியாபாரத்துக்கென்று கப்பலில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிப் பாத்திரம், பீர் என்று நாடு விட்டு வந்தவர்கள் ஏங்கும் சாமான்களை ஏற்றிவந்து விற்றுக் காசு பார்த்தார்கள்.

ஹாட்ஜ்சனின் ஆலை லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில், லீ ஆற்றங்கரையில் இருந்தது. கும்பினிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் அங்கிருந்து கூப்பிடு தூரம். பீப்பாயைப் படகில் ஏற்றினால் நேரே கப்பல். கூடவே அவர் கப்டன்களுக்குக் கடன் கொடுத்தார். பன்னிரண்டு, பதினெட்டு மாதத் தவணை. போய், விற்று, திரும்பி வந்து கொடுத்தால் போதும். லண்டனில் அவரைவிடப் பெரிய ஆலைகள் இருந்தன. ஆனால் துறைமுகம் பக்கத்தில் இருந்து, அக்கவுண்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் கப்டன் வேறு எங்கே போவான்? தெருமுனை அண்ணாச்சி கடை சூப்பர்மார்க்கெட்டை ஜெயிப்பதும் இதே காரணத்தால்தான்.

அவர் விற்றதில் ஒன்று அக்டோபர் பீர் வகை. இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் அறுவடை முடிந்ததும் புது மால்ட்டிலும் புது ஹாப்ஸிலும் காய்ச்சி, நிலவறையில் ஒன்றிரண்டு வருடம் மூடிவைத்துப் பிறகு குடித்த, நல்ல காட்டமும் கசப்பும் உள்ள பீர். புதிதாகக் குடித்தால் நாக்கைப் பிடுங்கும். கிடக்கக் கிடக்கத்தான் கசப்பு அடங்கி உருண்டு வரும்.

இது கப்பலில் ஏறியது. லண்டனிலிருந்து அட்லாண்டிக் வழியாக இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடி ஏறி வரவேண்டும். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு மாதம். மரப்பீப்பாய்க்குள் சூடும் ஆட்டமும். நிலவறையில் பல மாதம் நடக்கும் வேலை கப்பலின் வயிற்றில் வேகமாக நடந்து முடிந்தது. கல்கத்தாவில் திறந்தபோது பீர் பளிங்குபோலத் தெளிந்து, வறண்டு, பொங்கி நின்றது. மதீரா ஒயினுக்கும் இதேதான் நடந்தது. கடலில் ஆடி வந்த பீப்பாய்க்கு அந்தக் காலத்தில் தனி மவுசு.

ஆக, இந்தப் பீரை உண்டாக்கியதில் ஒரு ஆற்றங்கரை முகவரிக்கும் ஒரு கடன் நோட்டுக்கும் நீண்ட தூரத்துக்கும் பங்கு இருக்கிறது. மேதைக்கு வேலை குறைவு. 'இந்தியா' என்ற சொல்கூட பின்னால்தான் வந்து ஒட்டியது. 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்ற பெயர் நமக்குத் தெரிந்து முதலில் அச்சானது 1829ல், அதுவும் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ஒரு பத்திரிகை விளம்பரத்தில்.

*

ஹாட்ஜ்சன் வாரிசுகளுக்குப் பேராசை பிடித்தது. 1820களின் தொடக்கத்தில் கடனை நிறுத்தி, விலையை ஏற்றி, கப்டன்களைக் கழற்றிவிட்டு, தாங்களே நேரடியாக இந்தியாவுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். கும்பினி வட்டாரம் கடுப்பானது. 1822ல் கும்பினி இயக்குநர் கேம்ப்பெல் மார்ஜோரிபேங்ஸ், பர்ட்டன் நகரத்து ஆலைக்காரர் சாமுவேல் ஆல்சோப்பை விருந்துக்கு அழைத்து, இந்த மாதிரி பீரை நீங்கள் காய்ச்சக் கூடாதா என்று கேட்டார். ஆல்சோப்புக்கும் அப்போது கஷ்ட காலம். அவருடைய இனிப்பான, கனத்த பர்ட்டன் ஏலை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யா, அந்நிய பீர் மேல் கடும் வரி போட்டிருந்தது.

மாதிரிக்கு வந்த ஹாட்ஜ்சன் பீரை ஆல்சோப்பின் ஆலை நிபுணர் ஜாப் குட்ஹெட் வாயில் வைத்ததும் கசப்பு தாங்காமல் துப்பிவிட்டார் என்றும், பிறகு ஒரு தேநீர்க் குடுவையிலேயே சோதனைப் பீரைக் காய்ச்சிப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். குடுவைக் கதையில் எவ்வளவு உண்மையோ. துப்பியதை நான் நம்புகிறேன். இனிப்பு ஏலில் ஊறிய நாக்கு வேறென்ன செய்யும்?

ஆனால் பர்ட்டனில் ஒரு விசேஷம் இருந்தது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு வழவழவென்று ஒட்டாமல் சுத்தமாக வெட்டியதுபோல நிற்கும். லண்டன் தண்ணீரில் அது வராது. 1823ல் ஆல்சோப் பீர் இந்தியாவுக்குக் கிளம்பியது. பின்னாலேயே பாஸ் கம்பெனியும். பத்து வருடத்துக்குள் பாஸ், ஹாட்ஜ்சனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. உலகத்தின் பல மூலைகளில் ஐபிஏ காய்ச்சுகிறவர்கள் இன்றும் தண்ணீரில் ஜிப்சம் கலக்கிறார்கள். அதற்குப் பெயரே 'பர்ட்டனாக்கம்'.

*

இங்கே வந்த பீரை யார் குடித்தார்கள்? அதிகாரிகள், வியாபாரிகள், கலெக்டர்கள். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்தது பெரும்பாலும் போர்ட்டரும் சாராயமும்தான். கப்பலில் வந்த பீரிலேயே வர்க்கம் நிறத்தில் தெரிந்தது: துரைக்கு வெளுப்பு, சிப்பாய்க்குக் கருப்பு.

நம் ஆட்கள் அதைக் குடிக்கவில்லை, குளிரவைத்தார்கள். ஆப்தார் என்றொரு வேலைக்காரர் இருப்பார். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லென்று ஆகும். அதில் போத்தலைச் சுழற்றிச் சுழற்றிக் குளிர்விப்பதுதான் அவர் தொழில். பீகாரிலிருந்து துப்பாக்கி மருந்துக்காகக் கப்பலேறிய அதே வெடியுப்பு. 1833ல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடரின் ஐஸ் கட்டி கல்கத்தா வந்து இறங்கியது. 1840களில் மெட்ராஸ் கடற்கரையில் அதற்கென்று கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

தமிழ்நாட்டில் பீர் விமர்சனம் என்று ஒன்று உண்டென்றால் அது இரண்டே வார்த்தை: 'கூலிங் இருக்காண்ணே?' சிரிக்க வேண்டாம். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குக் குறைந்தது இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதைக் கேட்டவர் துரை, ஓடியவர் ஆப்தார். இன்று கேட்பவர் மட்டும்தான் மாறியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. மெட்ராஸில் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுக் கும்பினி நல்ல வருமானம் பார்த்தது. நம் ஊர் கள்ளும் சாராயமும் கஜானாவுக்குக் காசு. கப்பலில் வந்த பீர் மேசைக்கு கௌரவம். எது ரசனை, எது வெறும் போதை என்ற பிரிவினை நாக்கில் மட்டும் உண்டானதில்லை. இன்று கிராஃப்ட் பீரைக் கையில் வைத்துக்கொண்டு நறுமணம் பற்றிப் பேசுகிறவர், கள்ளுக்கும் பக்குவம் உண்டு, காலைக் கள் வேறு மாலைக் கள் வேறு என்று சொல்லும் பனையேறியை ரசிகர் என்று ஒப்புக்கொள்வாரா?

*

சரி, தரம்பார்ப்பதற்கு வருவோம். பீர் போட்டிகளில் பரவலாகப் பயன்படும் அமெரிக்க மதிப்பெண் அட்டை ஒன்று இருக்கிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. ஊற்றியதும் முதலில் முகர வேண்டும், ஏனென்றால் மெல்லிய மணங்கள் நிமிடத்தில் பறந்துவிடும். பிறகுதான் பார்வை, அப்புறம் வாய்.

பெங்களூரில் ஒரு சாயங்காலம் நானும் ஒரு நண்பனும் இந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு ஐபிஏவை ரசித்துப் பார்த்தோம். அட்டை சொல்லும் உதாரணங்களெல்லாம் கிரேப்ஃப்ரூட், பைன் மரம், பேஷன் ஃப்ரூட். நண்பன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, 'மச்சி, நார்த்தங்கா தோலை உரிச்ச கை மாதிரி வாசம். ஆனா உள்ள போனா வேப்பங்கொழுந்துடா' என்றான். அதைவிடச் சரியான குறிப்பை நான் எங்கும் படித்ததில்லை. நுரைக்கடியில் பழுத்த கொய்யா. முழுங்கிய பிறகு அடிநாக்கில் நிலவேம்பு. கசப்பை மருந்தாகவும் பத்தியமாகவும் பாகற்காயாகவும் வகைபிரிக்கத் தெரிந்த மொழி நம்முடையது. அறுசுவையில் கைப்புக்கு இடம் கொடுத்தவர்களுக்கு ஐபிஏவைச் சொல்ல இரவல் வார்த்தை வேண்டியதில்லை.

1852ல் இந்தக் கசப்பே ஒரு பெரிய கலவரத்தைக் கிளப்பியது. இங்கிலாந்து கசப்பு பீரில் ஸ்ட்ரிக்னின் கலக்கிறார்கள் என்று பாரிஸிலிருந்து ஒரு செய்தி பரவியது. ஸ்ட்ரிக்னின் என்றால் வேறொன்றுமில்லை, நம் எட்டிக்கொட்டையின் விஷம். ஆலைக்காரர்கள் அலறினார்கள். தாமஸ் கிரஹாம், ஆகஸ்ட் ஹாஃப்மன் என்ற இரண்டு பெரிய வேதியியலாளர்கள் சோதித்து, அப்படி எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தார்கள். அவ்வளவு கசப்பு வர எட்டியைக் கலந்திருந்தால் குடித்தவர் யாரும் பிழைத்திருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அந்தச் சான்றையே விளம்பரமாக்கி பர்ட்டன்காரர்கள் இன்னும் அதிகமாக விற்றார்கள்.

*

இந்த மதிப்பெண் அட்டையை 1830இன் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்றைய ஐபிஏ அமெரிக்காவில் மறுபடி பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலேயே ஐபிஏ என்ற பெயர் நீர்த்துப்போன பீருக்குப் போய்விட்டது. 1972ல் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சியிலிருந்து கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளியானது. 1975ல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதை வைத்து லிபர்ட்டி ஏல் காய்ச்சியது. எலுமிச்சை, நார்த்தை இனத்து வாசனைதான் இனி அடையாளம் என்று ஆனது. அந்த வாசனைக்கு ஆயுள் சில வாரம்தான். அதனால் புதுசாகக் குடிப்பதே முதல் விதியானது. கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2012லிருந்து, எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்பதையே பீரின் பெயராக வைத்து விற்கிறது.

ஆறு மாதம் கடலில் கிடந்தால்தான் பக்குவம் என்றிருந்த பீர், ஆறு வாரம் தாண்டினால் தீர்ந்தது என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1904ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்ற டேனிஷ் ஆய்வாளர், நாள்பட்ட இங்கிலாந்து பீர்களுக்கு அந்தத் தனிக் குணத்தைத் தருவது ஒரு வகை ஈஸ்ட் என்று கண்டுபிடித்தார். பீப்பாய் மரத்துக்குள் குடியிருந்து மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட். அதற்கு பிரெட்டானோமைசிஸ், 'பிரிட்டிஷ் பூஞ்சை', என்று பெயர் வைத்தார். தோல், லாயம், பழைய மரம் மாதிரி ஒரு வாசனை. கப்பலில் வந்த பீப்பாய்களிலும் அது வேலை செய்திருக்கத்தான் வேண்டும். இன்றைய போட்டியில் ஐபிஏ பிரிவில் அந்த வாசனை வந்தால் நடுவர் மூக்கைச் சுளித்து 'தொற்று' என்று எழுதுவார். உண்மையிலேயே இந்தியாவுக்கு வந்த அந்த இந்தியா பேல் ஏல், இந்தியா பேல் ஏல் போட்டியில் முதல் சுற்றிலேயே அவுட்.

2007ல் பீட் பிரவுன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் பர்ட்டனில் காய்ச்சிய பீரைப் பழைய கடல்வழியிலேயே இந்தியாவுக்கு எடுத்துவரக் கிளம்பினார். முதல் பீப்பாய் பாதிவழியில் வெடித்தது. வேறொன்றை வரவழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். எனக்கு அதில் பிடித்தது வெடித்த பீப்பாய்தான். பழைய சுவை செய்முறைக் குறிப்பில் இல்லை, வழியில் இருக்கிறது என்பதை அதைவிடச் சத்தமாக யார் சொல்ல முடியும்?

மதிப்பெண் அட்டைமேல் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கோப்பையில் இருப்பதை நேர்மையாகச் சொல்ல அது உதவுகிறது. ஆனால் அது அளப்பது ஒரு காலத்தின் நாக்கை. குட்ஹெட் துப்பியதும், கல்கத்தா துரை கொண்டாடியதும் ஏறக்குறைய ஒரே பீரைத்தான். நடுவே ஒரு கடல் இருந்தது, அவ்வளவுதான். சுவையில் நல்லது கெட்டது என்று நாம் சட்டமாக எழுதிவைப்பவற்றில் எத்தனை, ஏதோ ஒரு கப்பலின் காலி இடத்தாலும் ஏதோ ஒரு கடன் தவணையாலும் உண்டானவை!

அப்படியென்றால் அந்தப் பெயரிலிருக்கும் 'இந்தியா' என்னதான்? அந்தப் பீரில் இந்திய தானியம் இல்லை, இந்தியப் பூ இல்லை, இந்தியத் தண்ணீர் இல்லை. இந்தியா என்றால் அங்கே தூரம். துணியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய கப்பலின் வயிறு. அதை நிரப்ப ஒரு சரக்கு தேவைப்பட்டது. அந்தத் துணியை நெய்தவர்களின் பேட்டைக்கு ஒரு கவர்னரின் பெயர் ஒட்டியது, அவர்களை வேலைவாங்கிய நாட்டின் பெயர் ஒரு பீருக்கு ஒட்டியது. பேட்டைக்காரர்களாவது அந்தப் பெயரைத் தங்கள் வாய்க்குத் தகுந்தபடி தேய்த்துக் காலடியாக்கிவிட்டார்கள்.